ஓவியனும் விளம்பரமும்

2005-ஆம் வருஷத்தில் என் தகப்பனார் காலமானார். எங்கள் குடும்பத்தில் கருமாதிச் சடங்குகள் செய்யும் வழக்கம் இல்லை. ஆகவே பதினாறாம் நாள் ஒரு சிறு மண்டபத்தில் அவருடைய படத்திறப்புக்கு ஏற்பாடு செய்தோம். அவர் முப்பத்தைந்து வருஷகாலம் சிராங்கூன் சாலையிலும், அதனை அடுத்த பஃபலோ ரோடு, டன்லப் ஸ்திரீட், கேம்பல் லேன் முதலிய தெருக்களிலும் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். மளிகைக்கடை, நகைக்கடை, சாப்பாட்டுக்கடை ஆகிய எதுவாயினும் அவருடைய தூரிகை படாத வாசல் அக்காலத்தில் குறைவு. எனவே நண்பர் ஒருவர், "படத்திற்குப் பக்கத்தில் அவர் கையால் எழுதிய பலகை ஒன்றை வைத்தால் எவ்வளவு பொருத்தமாயிருக்கும்!" என்றார். எல்லோருக்கும் அந்த யோசனை பிடித்துவிட்டது.

நானும் என் தம்பியும் மூன்று நாட்கள் தேக்கா முழுவதும் அலைந்தோம். ஒன்றும் அகப்படவில்லை. பல கடைகள் கைமாறிவிட்டன. மரப்பலகை இருந்த இடத்தில் பிளாஸ்டிக் பலகையும் மின்விளக்கும் வந்துவிட்டன. பழைய பலகைகள் இரண்டொன்று கண்ணில் பட்டன. ஆனால் அவை என் தகப்பனார் எழுதியவையா, வேறொருவர் எழுதியவையா என்று துணிந்து சொல்ல அவற்றில் யாதோர் அடையாளமும் இல்லை. ஏனெனில், அவர் ஒருநாளும் ஒரு மூலையிலேனும் தம் பெயரை எழுதியவர் அல்லர். முடிவில் அவர் உபயோகித்த தூரிகைகள் நான்கை ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டுப் படத்தின் முன் வைத்தோம்.

சிறுவனாயிருந்தபோது நான் ஒருமுறை கேட்டதுண்டு. "அப்பா, இது நீங்கள் எழுதியது என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?" அவர் ஏணியிலிருந்து இறங்காமலே, "காசு கொடுக்கிறவர் கடைக்காரர். பலகையில் அவர் பேர்தான் இருக்கணும், தம்பி. வேலை நல்லா இருந்தால் தேடிக்கிட்டு வருவாங்க" என்றார். அச்சொல் எனக்கு அன்று பெரிய தத்துவமாகப் பட்டது. அத்தத்துவத்தினால் நான் பட்ட நஷ்டத்தைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

யானும் ஓர் ஓவியன். பகலில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுவது. இரவில் வண்ணம் தீட்டுவது. 1996-ஆம் வருஷத்தில், பத்து வருஷ உழைப்பில் சேர்ந்த இருபத்து நான்கு படங்களைக் கொண்டு முதல் கண்காட்சியை நடத்தினேன். சேமிப்பில் பெரும்பகுதியைக் கொடுத்து ஐந்து நாட்களுக்கு ஒரு சிறு கூடத்தை வாடகைக்கு எடுத்தேன். வாசலில் ஒரு தட்டி வைத்தேன். அவ்வளவே! பத்திரிகைக்கு எழுதவில்லை, என்னுடன் வேலை பார்த்தவர்களுக்குக் கூடச் சொல்லவில்லை. "நானே போய், என் படத்தைப் பாருங்கள் என்று கேட்பதா? அது தற்பெருமை அல்லவா?" என்ற கூச்சமே காரணம்.

ஐந்து நாட்களில் வந்தவர் பதினொருவர். அவர்களில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். ஒருவர் கழிவறை எங்கே என்று விசாரித்துப் போனார். ஒரு படமும் விற்கவில்லை. கடைசி நாள் படங்களைச் சாக்குத்துணியில் சுற்றிக் கொண்டிருந்தபோது, என்னுடன் படித்த சீன நண்பரொருவர் தற்செயலாக அவ்வழியே வந்தார். "நம்மவர்களுக்குக் கலையுணர்ச்சி இல்லை" என்று நான் அவரிடம் குறைப்பட்டுக் கொண்டேன். அவர் நிதானமாக, "எத்தனை பேருக்குக் கடிதம் போட்டாய்?" என்று கேட்டார். "ஒருவருக்கும் இல்லை" என்றேன். "பின் அவர்கள் வரவில்லை என்று எப்படிச் சொல்கிறாய்? நீ அழைக்கவில்லை என்றல்லவா சொல்ல வேண்டும்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. படங்களைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அதன்பின் பத்து வருஷகாலம் தூரிகையைத் தொடவில்லை.

நிற்க. நான் மீண்டும் தூரிகையை எடுக்கக் காரணம் ஒரு மிளகாய். 2006-ஆம் வருஷத்தில் ஸ்டாம்பர்ட் ரோட்டிலுள்ள தேசிய அரும்பொருளகத்தில் வெண்கலத்தாலான மிகப் பெரிய சிவப்பு மிளகாய் ஒன்று வைக்கப்பட்டது. அதன் பெயர் 'பெடாஸ்-பெடாஸ்'. மலாய் மொழியில் அது காரத்தைக் குறிக்கும். குழந்தைகள் அதைத் தொட்டுச் சிரித்தார்கள். பெரியவர்கள் அதனருகில் நின்று படம் பிடித்துக் கொண்டார்கள். அதைச் செய்தவர் கிள்ளானில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் இந்திய வம்சாவளிப் பெண்மணி குமாரி நாகப்பன். பின்னர் 2007-இல் சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் அவருடைய மஞ்சாடி விதையும், 2009-இல் ஆர்ச்சர்ட் ரோட்டில் ஜாதிக்காயும் இடம் பெற்றன. மிளகாயும் மஞ்சாடியும் ஜாதிக்காயும் நமக்குப் புதியவையா? தோட்டத்து லயத்தில் மஞ்சாடி பொறுக்கி விளையாடாத குழந்தை உண்டா? நாம் தினம் காணும் பொருளை அவர் ஜனங்கள் நடமாடும் வழியில் நிறுத்தினார். அதன்மேல் தம் பெயரும் நின்றது. அந்த மிளகாயின் முன் நின்றபோது, ஏணியின் மேல் நின்ற என் தகப்பனார் நினைவுக்கு வந்தார். அவர் வேலையும் ஜனங்கள் நடமாடும் வழியிலேதான் இருந்தது. பெயர் ஒன்றுதான் இல்லை.

அப்படியானால் தன்னைத் தானே எடுத்துச் சொல்வது தமிழர் பண்பாகுமா? இந்தச் சந்தேகத்தை ஒரு தமிழாசிரியரிடம் வெளியிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்கள் நன்னூல் பாயிரம் படித்ததில்லை போலும்" என்றார். படித்தேன், திகைத்தேன். சுமார் எண்ணூறு வருஷங்களுக்கு முன்பே பவணந்தியார் இவ்விஷயத்தைத் தீர்த்து வைத்திருக்கிறார். தன்னைப் புகழ்தல் பொதுவில் குற்றமே. ஆயினும் நான்கு சமயங்களில் அது புலவனுக்குத் தகும் என்கிறார். அரசனது சபைக்கு ஓலை எழுதும்போது. தன் ஆற்றலை அறியாதவர் நடுவில். அவையில் வெற்றி பெற வேண்டிய வேளையில். பிறர் தன்னைப் பழித்துரைக்கும்போது. அன்றியும், ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் சொல்லத் தகுந்தவர் யாவர் என்பதையும் அவர் வகுத்திருக்கிறார். ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், உரை செய்தவன் ஆகிய நால்வர்.

தோழர்களே! இன்று ஓவியர்களுக்குச் சொல்லப்படும் விளம்பர யோசனைகளின் சாரமெல்லாம் இதில் அடங்கியிருக்கிறது. முதலாவது, ஓலை. நம் நாட்டில் அரசனில்லை. 1991-இல் அமைக்கப்பட்ட தேசியக் கலைகள் மன்றம் உண்டு. உதவித்தொகைக்கு அதற்கு மனுச் செய்கிறவன், "அடியேன் ஒன்றும் அறியாதவன்" என்று எழுதினால் யார் கொடுப்பார்? என்ன செய்தேன், இனி என்ன செய்வேன், எவ்வளவு செலவாகும் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். இரண்டாவது, அறியாதார் நடுவு. படத்தின் கீழே பெயர், ஆண்டு, அளவு, எதனால் தீட்டியது, விலை என்ன என்பவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்க வேண்டும். விலை கேட்கக் கூசித் திரும்பிப் போகிறவர் அநேகர்.

மூன்றாவது, அவை. தனி ஒருவன் குரல் தெருவில் எடுபடாது. நால்வர் கூடினால் எடுபடும். 1952-இல் லியு காங், சென் வென் ஷி, சியோங் சூ பியெங், சென் சோங் சுவீ என்னும் நான்கு சிங்கப்பூர்ச் சீன ஓவியர்கள் ஒன்றாகப் பாலித் தீவுக்குச் சென்றார்கள். அடுத்த வருஷம், வரைந்தவற்றை ஒன்றாகவே இங்கே காட்சிக்கு வைத்தார்கள். அதனால் இன்றளவும் அந்நால்வரின் பெயரும் சேர்த்தே சொல்லப்படுகிறது. 1988-இல் நன்யாங் கலைக்கழகத்தில் பயின்று வெளிவந்த எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சல்லே ஜப்பார் ஆகிய மூவர் 'திரிமூர்த்தி' என்ற பெயரில் காட்சி நடத்தினர். ஒருவர் இந்தியர், ஒருவர் சீனர், ஒருவர் மலாய்க்காரர். பத்து வருஷத்திற்குப் பின் சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகம் அவர்களை மீண்டும் அழைத்துக் காட்சி வைத்தது. மூவரும் இளைஞர்கள், பெரும்பணம் படைத்தவர்களல்லர். தங்கள் கருத்தைத் தாங்களே அவையேற்றியதே அவர்கள் செய்த காரியம்.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். "ஜனங்களைத் தேடிப் போகிற கலை மலிந்து போகாதா?" என்று சிலர் கேட்பர். ரவிவர்மாவை நினையுங்கள். அவர் 1893-இல் சிக்காகோ உலகக் கண்காட்சிக்குப் படங்களை அனுப்பிப் பரிசு பெற்றார். மறு வருஷம் பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் சித்திரங்களைக் குறைந்த விலைக்கு அச்சிட்டார். அரண்மனையில் தொங்கிய படம் குடிசைக்கு வந்தது. என் தாயார் ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பலகைச் சுவரில் ஆணியடித்து மாட்டிய லட்சுமி படத்தைப் பற்றி அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படத்தைக் கும்பிட்டார்களே என்பது வேறு விவாதம். ஓவியம் என்ற ஒன்று அவ்வீட்டிற்குள் நுழைந்ததற்கு அந்த மலிவான அச்சே காரணம் என்பதை மறுக்க முடியுமா? ஆனால் அதிலேயே எச்சரிக்கையும் உண்டு. அவ்வச்சகம் கடனில் மூழ்கியது. ஒரு ஜெர்மானியரிடம் அதனை விற்க நேர்ந்தது. புகழ் பரவுவது ஒன்று, கணக்கு நேராயிருப்பது மற்றொன்று.

கணக்கை நேர் செய்துகொண்டவர்களும் நம்மிடையே உண்டு. சென்னைக் கலைக்கல்லூரித் தலைவராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர், தம் மாணவர்களுடன் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார். ஓவியம் உடனே விற்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆகவே பத்திக் துணியும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அவ்வருவாயைக் கொண்டு நிலம் வாங்கினார்கள். வயிற்றுக்கு ஒன்று, மனத்திற்கு ஒன்று என்று பிரித்துக் கொண்டதனால், எதையும் எவருக்காகவும் மாற்றி வரைய வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லாமற் போயிற்று.

இவ்வளவும் அறிந்தபின் 2009-இல் எனது இரண்டாவது கண்காட்சியை நடத்தினேன். இம்முறை, தேக்காவில் வேலை செய்வோரைப் பற்றிய இருபது படங்கள்; பூக்கட்டுபவர், காய்கறி மூட்டை சுமப்பவர், ஞாயிற்றுக்கிழமையில் புல்தரையில் உட்கார்ந்து ஊருக்குத் தொலைபேசும் தொழிலாளர். இரண்டு மாதத்திற்கு முன்பே அறுபது பேருக்குக் கடிதம் எழுதினேன். தமிழில் ஒரு பக்க அறிவிப்பு அச்சிட்டுச் சாப்பாட்டுக் கடைகளில் அனுமதி கேட்டு ஒட்டினேன். பாயிர விதிப்படி என்னைப் பற்றி நானே எழுதாமல், எனக்குச் சித்திரம் கற்பித்த ஆசிரியரையும், அந்தச் சீன நண்பரையும் எழுதச் சொன்னேன். நண்பர் எழுதியது நான்கே வரிகள். அவற்றில் ஒன்று பழைய கண்காட்சியைக் கேலி செய்தது. அதையும் அப்படியே அச்சிட்டேன். படங்களின் பட்டியலைச் சிறு புத்தகமாக்கி, சட்டப்படி இரண்டு பிரதிகளைத் தேசிய நூலக வாரியத்திற்கு அனுப்பினேன். நாளை என் படங்கள் அழிந்தாலும், இப்படி ஒருவன் இருந்தான் என்பதற்கு அங்கே ஒரு சாட்சி இருக்குமல்லவா?

ஆறு நாட்களில் முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். நான்கு படங்கள் விற்றன; வாடகைக்கும் அச்சுக் கூலிக்கும் சரியாயிற்று. இதைப் பெரிய வெற்றியென்று சொல்லமாட்டேன். நான் சொல்ல வந்தது வேறு.

ஐந்தாம் நாள் மாலை ஒரு முதியவர் வந்தார். சாப்பாட்டுக் கடையில் அறிவிப்பைப் பார்த்ததாகச் சொன்னார். பட்டியலில் என் பெயருக்கு முன்னால் நான் முழுமையாக எழுதியிருந்த தகப்பனார் பெயரைக் காட்டி, "இவர் போர்டு பெயிண்டர்தானே?" என்று கேட்டார். ஆம் என்றேன். "எங்கள் கடைப் பலகை அவர் எழுதினது, தம்பி. கடையை மூடினப்போ பலகையை எடுத்துப் போட்டுட்டாங்க. ஆனா கல்யாணப் படம் ஒண்ணு இருக்கு" என்று சொல்லிப் போனவர், மறுநாள் அதைக் கொண்டு வந்தார். 1967-இல் எடுத்த படம். மணமக்களுக்குப் பின்னால் கடைவாசல். அதற்கு மேல் பலகை. கறுப்பு வெள்ளையில், பாதி மறைந்து, ஆறு எழுத்துக்கள் மட்டும் தெரிந்தன. அவற்றில் ஒரு ழகரம். அதன் வாலை அவர் எப்படிச் சுழித்து முடிப்பார் என்பதை நான் ஏணிக்குக் கீழே நின்று நூறு முறை பார்த்திருக்கிறேன்.

அதற்கு ஒரு பிரதி எடுத்துச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். கீழே, 'எழுதியவர்' என்று போட்டு என் தகப்பனார் பெயரை நானே எழுதினேன். அவர் இருந்தால் கோபித்துக் கொண்டிருப்பார். ஆனால் அந்த முதியவர் என்னைக் கண்டுபிடித்தது ஒரு பெயரைக் கொண்டுதான் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லியிருப்பேன்.

குடத்துக்குள் வைத்த விளக்கு அடக்கமானது அன்று, பிறருக்குப் பயன்படாதது. தோட்டத்திலோ நகரத்திலோ தூரிகை பிடித்திருக்கும் தோழர்களே! நல்ல காலம் வரும், யாரோ தேடி வருவார் என்று காத்திருக்க வேண்டாம். இன்று கைத்தொலைபேசியில் ஒரு படத்தை இன்ஸ்டாகிராமில் ஏற்றுவது ஒரு நிமிஷ வேலை. அறுபது பேருக்குக் கடிதம் எழுதுவது ஒரு வாரத்து வேலை. இரண்டையும் செய்யுங்கள். அவற்றிற்கு முன்னதாக, தீட்டி முடித்த படத்தின் வலது மூலையில் உங்கள் பெயரையும் வருஷத்தையும் தெளிவாக எழுதிவிடுங்கள். அதற்குப் பிடிக்கும் வண்ணம் ஒரு துளியே.