சாதாவா, ஸ்பெஷலா?

துப்பாக்கியைப் பத்தி எழுத எனக்கு என்ன தகுதின்னு கேட்டா, சின்ன வயசுல உண்டிவில் வச்சு மாங்காய் அடிச்சதோட சரி :-) ஆனா துப்பாக்கிகளைப் பத்திப் படிக்கிற பைத்தியம் ரொம்ப நாளா உண்டு. அது தெரிஞ்சுதான் கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டம் வச்சிருக்கிற மாமா என்னைப் பிடிச்சார்.

"மருமவனே, நீ இந்த எளவெல்லாம் படிக்கிறவன்லா. கடைக்காரன் ரெண்டு பிஸ்டல் காட்டுகான். ஒண்ணு சாதா, ஒண்ணு ஸ்பெஷல். எதை எடுக்கட்டும்?"

தோசை ஆர்டர் பண்ற மாதிரி கேட்டுட்டார். பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். போலீசும் ராணுவமும் வச்சிருக்கிற 9 எம்.எம். பிஸ்டலை, சாதாரண லைசென்ஸ் வச்சிருக்கிற ஆள் வாங்க முடியாது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழே அது தடை செய்யப்பட்ட ரகம். பிஸ்டல்னு போனா நமக்கு வழக்கமா வாய்க்கிறது .32 தான். 1980-களோட நடுவுல இறக்குமதியும் நின்னு போனதால, பழைய வெளிநாட்டு பிஸ்டல் ஒண்ணு கை மாறினா லட்சக்கணக்குல பேரம் நடக்கும். அதனால மாமா முன்னால இருந்த ரெண்டுமே உள்நாட்டுச் சரக்கு, ரெண்டுமே .32.

இந்த .32 தோட்டா ஜான் பிரவுனிங்னு ஒரு அமெரிக்கர் வடிவமைச்சு, 1899-ல பெல்ஜியத்து எஃப்.என். கம்பெனி மூலமா வந்தது. 1911 ஜூன் 17-ம் தேதி மணியாச்சியில கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில இருந்ததும் பெல்ஜியத்துல செஞ்ச பிரவுனிங் பிஸ்டல்தான். அவரோட செங்கோட்டையும் நம்ம நாஞ்சில் நாடும் அப்போ ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானம். ஆக, சாதா வாங்கினாலும் ஸ்பெஷல் வாங்கினாலும் குழலை விட்டு வெளியே வரப்போறது அதே நூத்தாண்டு கடந்த, நாலரை கிராம் சொச்சம் எடையுள்ள குண்டு. கூடுதல் காசு குடுத்தா குண்டுக்குப் பலம் கூடிடாது.

அப்போ அந்தக் காசு எதுக்குப் போகுது?

எடை குறைக்கிறதுக்குப் போகலாம். 2014-ல கான்பூர் தொழிற்சாலை 'நிர்பீக்'னு ஒரு .32 ரிவால்வர் விட்டாங்க. டைட்டானியம் கலந்த உலோகம், அரைக்கிலோ எடை, விலை ஒண்ணேகால் லட்சத்துக்குக் கிட்ட. பெண்கள் கைப்பையில வச்சுக்கலாம்னு விளம்பரம். தூக்க லேசுதான், ஆனா துப்பாக்கி லேசாக ஆக, கையில உதைக்கிற உதை கூடும். நிறைய சுட்டுப் பழகாதவங்களுக்குக் கனம் நல்லது.

இல்ல, பளபளப்புக்குப் போகலாம். கைப்பிடியில மரவேலைப்பாடு, பேர் பொறிப்பு. அது கல்யாண ஆல்பத்துக்கு ஆகும்.

மூணாவது ஒண்ணு இருக்கு. 1935-ல வந்த பிரவுனிங் ஹை-பவர் பிஸ்டலை எடுத்துக்கோங்க. ஈசாப்பூர் தொழிற்சாலை நம்ம படைகளுக்குச் செஞ்ச 9 எம்.எம். 1ஏ இதோட வழி வந்ததுதான். 1980-கள்ல எஃப்.என். கம்பெனி இதை மார்க் 2, மார்க் 3-ன்னு மாத்தினப்போ என்ன சேர்த்தாங்க தெரியுமா? பாதுகாப்பு விசையை ரெண்டு பக்கமும் வச்சாங்க. குறிமுனையை நல்லாத் தெரியிற மாதிரி செஞ்சாங்க. தவறிக் கீழே விழுந்தா வெடிச்சிடாம, சுடும் ஊசியைத் தடுக்கிற பூட்டு வச்சாங்க. தோட்டா அதே தோட்டாதான். மேம்படுத்தினதுல பாதி, துப்பாக்கி சுடாம இருக்கிற நேரத்துக்காக.

எனக்கு விஷயம் விளங்கினது இங்கதான். மாமா பிஸ்டல் சுடப்போற நேரம், ஆயுசு முழுக்கக் கூட்டினாலும் சில நிமிஷம் தேறாது. மீதி நேரமெல்லாம் அது வீட்ல சும்மா கிடக்கும். ரெண்டு மழைக்காலமும் வந்து போற, கடல் உப்புக் காத்து அடிக்கிற மாவட்டம் நம்மளது. கதவு கீலே வருஷத்துக்கு ஒருக்கா துரு ஏறுது. அதனால துருப்பிடிக்காத மேல்பூச்சுக்குக் காசு குடுக்கலாம். கீழே விழுந்தா வெடிக்காத பூட்டுக்குக் குடுக்கலாம், ஏன்னா அந்த வீட்ல ஆறு வயசுப் பேத்தி ஓடி விளையாடுறா. கண் ஆபரேஷன் ஆன மாமாவுக்கு வெள்ளைப் புள்ளி வச்ச குறிமுனைக்கும் குடுக்கலாம். ஸ்பெஷல்ல இதெல்லாம் இருந்தா ஸ்பெஷல். வெறும் மினுமினுப்புன்னா சாதாவே போதும். மிச்சக் காசுக்குச் சுவரோட சேர்த்து முறுக்கின இரும்புப் பெட்டி ஒண்ணு.

இவ்வளவையும் சொல்லிட்டு, கேட்க வேண்டிய கேள்வியையும் கேட்டேன். "மாமா, இது இப்போ எதுக்கு?"

2020 ஜனவரி 8-ம் தேதி ராத்திரி, களியக்காவிளை சோதனைச்சாவடியில சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதுல இருந்தே ரப்பர் பணத்தோட ராத்திரி வண்டி ஓட்டி வரும்போது நெஞ்சு அடிச்சுக்குதாம். அந்தப் பயத்தை நான் கிண்டல் பண்ணல. ஆனா பயிற்சி எடுத்து, காவலுக்குன்னே நின்ன ஒருத்தருக்கே கிடைக்காத அவகாசம், காரோட்டிக்கிட்டு வர்ற மாமாவுக்குக் கிடைக்குமா? எந்த ஸ்பெஷல் மாடலும் அந்த ரெண்டு செகண்டைக் கூட்டித் தராது. பகல்ல பணத்தை பேங்க்ல கட்டிட்டா ராத்திரி பயமே வேண்டாமேன்னேன். மாமா ஒண்ணும் சொல்லல.

அவர்கிட்ட ஏற்கெனவே அவங்க அப்பா காலத்து இரட்டைக்குழல் ஒண்ணு உண்டு. 2019 சட்டத் திருத்தப்படி ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கி வரை வச்சுக்கலாம்ங்கிறதால, கணக்குல இன்னும் ஒண்ணுக்கு இடம் இருக்கு. தேர்தல் அறிவிச்சா லைசென்ஸ்காரங்க துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். 2024 மக்களவைத் தேர்தலுக்கும் மாமா கொண்டு குடுத்துட்டு, முடிவு வந்தபிறகுதான் வாங்கிட்டு வந்தார்.

காப்பி கொண்டு வந்த அத்தை அப்போதான் வாயைத் திறந்தாங்க.

"ஓட்டு வரும்பம்தான் மக்களே நான் நிம்மதியா உறங்குகேன்."

மாமா காப்பியை ஆத்திக்கிட்டே இருந்தார். கடைக்காரர்கிட்ட இன்னும் பதில் சொல்லல.