சமவெளியில் உயரமானி

மலையேறுபவர் உயரமானியும் காற்றழுத்தமானியும் திசைகாட்டியும் வைத்திருப்பதற்கான காரணத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர்ப் பக்கம் வயலும் ஏரியும் வாய்க்காலுமாகக் கிடக்கும் தரையில் உயரமானிக்கு என்ன வேலை என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தக் கருவி உண்மையில் எதை அளக்கிறது என்பதை இந்தச் சமவெளியைப்போல் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. காற்று நீக்கப்பட்ட மெல்லிய உலோகப் பேழை ஒன்று வெளியழுத்தத்துக்கேற்ப அமுங்கி விரிகிறது; முள் அதைத்தான் காட்டுகிறது. கடல்மட்டத்தருகே அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் 8 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஏறிவிட்டதாக அது கணக்குச் சொல்லும். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் காலை 10 மணியளவில் உச்சத்தைத் தொட்டு, மாலை 4 மணியளவில் 3, 4 ஹெக்டோபாஸ்கல் தாழ்ந்துவிடுகிறது. ஆகவே பாகூரில் மேசைமேல் அசையாமல் இருக்கும் உயரமானியும் மாலைக்குள் 25, 30 மீட்டர் ஏறியதாகச் சொல்லும். ஏரிக்கரையிலிருந்து கடல்வரை நிலம் இறங்கும் உயரமே அவ்வளவு இராது.

இதைக் குறை என்று ஒதுக்குவது தவறு. மலையில் உயரமும் காற்றும் சேர்ந்து மாறுவதால் எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். இங்கே உயரம் நிலையானது; முள் நகர்ந்தால் காற்றுதான் மாறியிருக்கிறது. காலை அளவை மாலை அளவோடு ஒப்பிடாமல், நேற்று இதே நேரத்து அளவோடு ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்க்கையில் உயரமானி 40 மீட்டர் ஏறியிருந்தால், அழுத்தம் 5 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு விழுந்திருக்கிறது என்று பொருள்; புயல் நெருங்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம். இந்தக் கரை 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயலையும், 2024 நவம்பர் 30இல் ‘ஃபெஞ்சல்’ புயலையும் கண்டது. வானிலை மையத்தின் எச்சரிக்கை இருக்க இது எதற்கு என்பார்கள். எச்சரிக்கைக்கு இது மாற்றாகாது. மையம் ஒரு மாவட்டத்துக்குச் சொல்வது நம் தலைக்குமேல் எப்போது, எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதை இது காட்டும். வயலில் நிற்பவர் வரப்பைவிட்டுக் கிளம்ப அது உதவும்.

வழி காண்பது திசைகாட்டியின் வேலை. இங்கே காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து மேற்கே ஓரிரு பாகைதான் விலகுகிறது. ஒரு பாகைப் பிழை ஒரு கிலோமீட்டருக்கு 17 மீட்டர் மட்டுமே. அதைவிடப் பெரிய பிழை கருவியிலேயே இருக்கலாம். காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனையருகே செல்வதால் இங்கே காந்தப்புலம் ஏறக்குறையக் கிடையாக உள்ளது. ஐரோப்பாவுக்கென எடை சரிசெய்த ஊசி இங்கே தென்முனை தாழ்ந்து அடிப்பலகையில் உரசும். வில்லியனூர் ரயில் பாதை, மோட்டார் கொட்டகை, இருசக்கர வண்டி ஆகியவற்றிலிருந்து விலகி நின்று பார்ப்பதும் அவசியம். செல்பேசி வரைபடம் போதாதா என்றால், பெரும்பாலான நாட்களில் போதும். புயலுக்குப் பிறகு மின்சாரம் நின்று, செல்பேசிக் கோபுரங்கள் விழுந்து, வெள்ளம் வரப்பையும் பாதையையும் ஒன்றாக்கிய வேளையில், வில்லியனூர்க் கோயில் கோபுரத்துக்கும் ஒரு மேல்நிலை நீர்த்தொட்டிக்கும் திசை எடுத்துத் தாள் வரைபடத்தில் இரு கோடுகள் இழுத்தால், அவை வெட்டும் இடம்தான் நாம் நிற்கும் இடம். சார்ஜ் இல்லாமலே இது தெரிந்துவிடும்.

கருவி வாங்கியவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஐப்பசி அடைமழைக்கு முன் ஒரு மாதம், ஒரே இடத்தில், காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் அளவைக் குறித்து வாருங்கள். உங்கள் ஊர்க் காற்றின் இயல்பான ஏற்ற இறக்கம் தெரிந்த பிறகே அதன் மாற்றம் கண்ணில் படும்.