கிளட்ச் ஒயரில் நான் போட்ட லூப்

தப்பு டிரைவர் மேல்தான் என்று அன்று நான் சொன்னது பொய். முழுப் பொய்கூட இல்லை, அதனால்தான் எடுபட்டது.

விருத்தாசலத்தில் கார் எலெக்ட்ரீஷியன் நான். செல்ஃப் மோட்டார், ஆல்டர்நேட்டர், ஏசி ஒயரிங் என்று ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் ரிமோட் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்து சேர்த்தது எங்கள் ஊர் வெயில். பனி கொட்டும் நாடுகளில் விறைத்துப்போன இன்ஜினைச் சூடாக்கிக்கொள்ள அதை வாங்குகிறார்கள். இங்கே மே மாதத்தில் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. ஆபீசுக்குள் இருந்தபடியே பட்டனை அமுக்கி, ஏசியை ஓடவிட்டு, உள்ளே குளிர்ந்த பிறகு போய் ஏற ஆசைப்படுகிறார்கள். ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டோமேட்டிக் காரில் லீவர் பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இல்லாவிட்டால் செல்ஃபுக்கே கரண்ட் போகாது. ஆனால் என்னிடம் வருபவை பெரும்பாலும் கையால் கியர் மாற்றும் வண்டிகள்.

கியரில் கிடக்கும் காரில் செல்ஃப் அடித்தால் என்ன ஆகும் என்பது பழைய டிரைவர்களுக்குத் தெரியும். தண்டவாளத்துக்கு நடுவே இன்ஜின் நின்றுவிட்டால் முதல் கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சாவியைத் திருகு என்பார்கள். இன்ஜின் பிடிக்காவிட்டாலும் செல்ஃப் மோட்டாரே வண்டியை இழுத்துக்கொண்டுபோய் அந்தப் பக்கம் விட்டுவிடும். அதற்கும் முன்னால், முன்பக்கத்தில் ஹேண்டில் போட்டுச் சுற்றிய காலத்தில், "நியூட்ரலா பாரு" என்று ஒரு குரல் கொடுக்காமல் யாரும் ஹேண்டிலில் கை வைக்க மாட்டார்கள். கியரில் இருந்தால் சுற்றுகிறவன் மேலேயே வண்டி ஏறும். 1912-இல் காடிலாக் கார் மின்சார செல்ஃபோடு வந்தது. வண்டிக்கு முன்னால் ஆள் நிற்கும் தேவை போனது. ரிமோட் வந்து உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆளையும் எடுத்துவிட்டது.

பிறகு வந்த பல கார்களில் கிளட்ச் பெடலுக்கு மேலே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. பெடலை முழுசாக மிதித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். ரிமோட்டுக்கு மிதிக்கக் கால் கிடையாது. ஆகவே அதைப் பொருத்துகிறவன் அந்தச் சுவிட்சை எப்படியாவது தாண்டியாக வேண்டும். எப்படித் தாண்டுகிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முறையான வழி ஒன்று உண்டு. மானுவல் வண்டிக்கென்றே செய்த ரிமோட் ஸ்டார்ட்டர் பெட்டி வாங்க வேண்டும். வண்டியை நிறுத்தும்போது கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியை எடுத்துவிடலாம். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். இறங்கி எல்லாக் கதவையும் சாத்திப் பூட்டினால், அதற்குப் பிறகே இன்ஜின் நிற்கும். இதில் உள்ள புத்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிளட்சில் கால் இல்லாமல் இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகராமல் நிற்கிறது, உள்ளே ஆளும் இல்லை என்றால் கியர் நியூட்ரலில்தான் இருந்தாக வேண்டும். பிறகு ஒரு கதவு திறந்தாலும், ஹேண்ட் பிரேக் இறங்கினாலும், பானெட் தூக்கினாலும் பெட்டி அந்த நம்பிக்கையை ரத்து செய்துவிடும். ரிமோட்டை எத்தனை தடவை அமுக்கினாலும் ஸ்டார்ட் ஆகாது. யாரோ ஏறி கியரைத் தொட்டிருக்கலாம் அல்லவா? இதற்கு நாலு கதவின் சுவிட்ச் ஒயரும் வேண்டும், ஹேண்ட் பிரேக் ஒயர் வேண்டும், பானெட்டுக்குத் தனியாக ஒரு சுவிட்ச் வேண்டும். கிளட்ச் சுவிட்சைத் தாண்டுவதுகூட, ரிமோட்டில் ஸ்டார்ட் ஆகும் அந்தச் சில நொடிக்கு மட்டும், ஒரு ரிலே வழியாக நடக்க வேண்டும்.

நான் என்ன செய்தேன்? கிளட்ச் சுவிட்சின் இரண்டு ஒயரையும் வெட்டி முறுக்கி டேப் சுற்றினேன். லூப். கதவு ஒயர்களைத் தேட சைடு பேனல்களைக் கழற்ற வேண்டும், ஒரு நாள் போய்விடும். ஹேண்ட் பிரேக் ஒயருக்கு நடு கன்சோலைக் கழற்ற வேண்டும். இரண்டையும் விட்டேன். பெட்டியும் ஆட்டோமேட்டிக் வண்டிக்கானது, விலை குறைவு. தெரியாமல் செய்யவில்லை. பெட்டிக்குள் இருந்த தாளில் மானுவல் வண்டிக்கு ஆகாது என்று படம் போட்டே காட்டியிருந்தார்கள். அந்தத் தாளை மட்டும் வண்டியின் முதலாளியிடம் கொடுக்கவில்லை.

வண்டி செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை செய்யும் ஒருவருடையது. பழைய டீசல் கார். ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்திருந்ததை வேலை செய்யும்போதே பார்த்தேன். அது மெக்கானிக் வேலை, நமக்கென்ன என்று விட்டேன். முற்றத்தில் லேசான மேடு. மேட்டைப் பார்த்து நிறுத்தினால் முதல் கியரில் விடு என்பது டிரைவிங் பழக்குகிற எவரும் சொல்வது. டிரைவர் அதைத்தான் செய்தார். எதிரே பலகைகளில் கொலு பொம்மைகள், இன்னும் சூளைக்குப் போகாத பச்சை மண்ணாக, காய்ந்துகொண்டிருந்தன. மத்தியானம் முதலாளி ஆபீசிலிருந்து பட்டனை அமுக்கினார். வண்டி ஒரு எக்கு எக்கியது, இன்ஜின் பிடித்துக்கொண்டது, பலகைகளை நசுக்கிக்கொண்டு ஏறி ஒரு செங்கல் தூணில் முட்டி நின்றது. பொம்மைகளைத் திருப்பிவைக்கும் அம்மா அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். அவர் போயிருந்ததில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். போனதும் ஜன்னல் வழியாகக் கியரைப் பார்த்தேன். "கியர்ல விட்டுட்டு இறங்கியிருக்காரு, பெட்டி என்ன பண்ணும் முதலாளி?" என்றேன். டிரைவர் என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், முதலாளி பேசவிடவில்லை. அடுத்த மாதம் அவர் அங்கே வேலையில் இல்லை. முன் பம்பருக்குள் அறுந்த ஒயர்களைச் சரிசெய்து அதற்கும் நான் கூலி வாங்கினேன்.

எங்கள் ஊர்ச் சூளைகளில் பொம்மையும் அகலும் மட்டுமில்லை, வீட்டு மீட்டர் பலகையில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கட்டையும் வேகிறது. கம்பி எரிந்து போகட்டும், வீடு எரியக் கூடாது என்பதற்காகச் செய்யும் சாமான். ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றிவிடும் ஆளை நான் வாய் கிழியத் திட்டியிருக்கிறேன்.

சட்டத்தையும் பிறகுதான் தேடிப் படித்தேன். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 126: பொது இடத்தில் நிற்கும் வண்டியில் ஓட்டுநர் இருக்கையில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் இன்ஜினை நிறுத்தி பிரேக் போட்டோ வேறு ஏற்பாடு செய்தோ, வண்டி தற்செயலாகக்கூட நகர முடியாதபடி செய்திருக்க வேண்டும். அப்படியானால் ஒயரை எவ்வளவு ஒழுங்காகப் போட்டாலும் கடைத்தெருவில் நிறுத்திவிட்டு ரிமோட்டில் ஓடவிட இடமில்லை. சொந்த வளாகத்துக்குள் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், அதுவும் மூடிய ஷெட்டில் கூடாது; புகை ஆளைக் கொல்லும்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் நியாயம் கிடைக்காதவர்கள் பிராது எழுதிக் கட்டுவார்கள். அந்த அண்ணன் என் பெயரை எழுதிக் கட்டியிருப்பாரோ என்று வெகுநாள் பயந்தேன். பயம் தாங்காமல்தான் அவர் வீட்டுக்குப் போனேன். மனசு திருந்தி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். லூப் போட்டதைச் சொன்னேன்.

"அன்னிக்கே தெரியும்பா," என்றார். "கிளட்ச்ச மிதிக்காமயே வண்டி ஸ்டார்ட் ஆவுது, யாரோ ஒயர்ல கை வச்சிருக்காங்கன்னு மொதலாளிகிட்ட ரெண்டு நாள் முன்னாடியே சொன்னேன். எலெக்ட்ரீசியன் செஞ்சா சரியாத்தான் இருக்கும்னாரு."

முதலாளியிடமும் போய்ச் சொன்னேன். காசைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். டிரைவரைத் திரும்பக் கூப்பிடவில்லை, வேறு ஆள் இருக்கிறாராம்.

லூப் போட்ட வண்டி அது ஒன்று மட்டுமில்லை. சிலவற்றைத் தேடிப் பிடித்து அவிழ்த்தேன். சில கைமாறி எங்கோ ஓடுகின்றன. பழைய கார் வாங்கியவர்கள் ஒன்று செய்து பாருங்கள். சமதளத்தில், முன்னும் பின்னும் ஆளில்லாத இடத்தில், நியூட்ரலில் வைத்து, பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு, கிளட்சைத் தொடாமல் சாவியைத் திருகுங்கள். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்று வண்டியின் கையேடு சொல்லியும் இன்ஜின் பிடித்தால், பெடலுக்கு மேலே கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு இருக்கலாம். என்னிடம் கொண்டுவாருங்கள், எடுத்துத் தருகிறேன். கூலி வேண்டாம்.