பட்டியலில் விடுபட்ட பெயர்

'பாடு' என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குத் தபசுகாலம் நினைவுக்கு வரும். கோட்டைக்குப்பத்தில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. பழவேற்காடு ஏரியில் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று ஒருவருக்கு வரும் முறைக்கு அங்கே பாடு என்று பெயர். இந்த வாரம் அந்தப் பாட்டைக் குறித்தும், கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காக நாங்கள் தொடங்கவிருக்கும் கணினி நிரல் வகுப்பைக் குறித்தும், அதற்கு ஆயத்தப்பட்டபோது நான் செய்த ஒரு தவற்றைக் குறித்தும் உங்களோடு பேச விரும்புகிறேன்.

வகுப்பு வருகிற திங்கட்கிழமை மாலை தொடங்குகிறது. நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், ஆக 12 நாள். இடம் நமது கூடம். கையில் இருப்பவை பழைய மடிக்கணினிகள் மூன்று. சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் வந்து கற்பிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். மற்ற இரண்டு நாளும் நானே நிற்கவேண்டும். ஆறு மாதங்களுக்கு முன்புவரை நிரல் என்றால் என்னவென்றே அறியாதவன் நான். ஆகையால் பிள்ளைகளுக்கு ஆயத்தம் செய்வதற்கு முன் என்னை நானே ஆயத்தப்படுத்த வேண்டியதாயிற்று.

இந்த வகுப்பைக் கேட்டவர்கள் பெற்றோர்கள்தாம். பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஏரியும் கடலும் கலக்கும் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து வழி அடைபட்டால் இறால் வரத்துக் குறைகிறது. வரத்துக் குறைந்த மாதங்களில் வீட்டில் என்ன நடக்கும் என்பதைப் பிள்ளைகளும் அறிவார்கள். அதே ஏரிக்கரையில் நின்றபடி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டுகள் எழும்புவதையும் அவர்கள் காண்கிறார்கள். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 புறப்பட்டதும் அங்கிருந்துதான். "ஐயா, அதை ஓட்டுறது கம்ப்யூட்டர்தானே? எங்க பிள்ளைக்கும் அதைச் சொல்லிக் குடுங்க" என்று ஒரு தாய் கேட்டபோது, என்னால் மறுக்க முடியவில்லை.

நான் முதலில் செய்தது, பலரும் செய்வதையே. மடிக்கணினியைத் திறந்து, ஒரு காணொளியை ஓடவிட்டு, அதில் தோன்றியதை அப்படியே தட்டச்சு செய்தேன். ஒரு வாரத்தில் பத்து நிரல்கள் ஓடின. பதினோராவதை நானாக எழுத முயன்றபோது ஒரு வரியும் வரவில்லை. மற்றவன் எழுதியதை நகலெடுத்தேனே தவிர, சிந்திக்கவில்லை.

அதன்பின் அந்த இளைஞர் சொன்ன ஒன்று என் வழியை மாற்றியது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழிப் பட்டப் படிப்பில், பைத்தான் மொழியைக் கற்பிப்பதற்கு முன்பே கணினிச் சிந்தனை என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். அதில் கடை ரசீதுகளும் மதிப்பெண் விவரங்களும் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எண்ணி, பிரித்து வைக்கும் வேலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நியூசிலாந்தில் டிம் பெல் முதலிய ஆசிரியர்கள் 1990-களிலேயே கணினியின்றிக் கணினியியல் கற்பிக்கும் விளையாட்டுகளை உருவாக்கிச் சிறுவருக்குப் பயிற்றுவித்தார்கள். எந்திரம் பின்னால் வரட்டும், ஒழுங்காகச் சொல்லும் பழக்கம் முன்னால் வரட்டும் என்பதே இவற்றின் சாரம்.

ஒழுங்காகச் சொல்லும் பழக்கம் நம் ஊரில் எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். அப்போதுதான் பாடு நினைவுக்கு வந்தது.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் பாடு முறையில் பங்குடையவை. ஏரியில் கழி நட்டு, சுத்துவலை கட்டி இறால் பிடிக்கும் இடங்கள் எல்லாம் ஒன்றுபோல் விளைவதில்லை. ஓரிடத்தில் கூடை நிறையும், மற்றோரிடத்தில் வெறும் நீர் வடியும். எல்லாரும் நல்ல இடத்துக்கே பாய்ந்தால் சண்டைதான் மிஞ்சும். எனவே சீட்டுப் போட்டு வரிசையைத் தீர்மானித்து, முறைவைத்து இடம் மாற்றிக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவன் நாளை நகர்ந்துகொள்ள வேண்டும். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் மீனவச் சங்கங்கள் இதுபோலச் சீட்டுப் போட்டு வலையிடங்களைப் பகிர்ந்துகொள்கின்றன.

இதைக் குறித்து விசாரித்தபோது ஒரு பெரியவர் சொன்னார்: "எத்தனை வலை, எத்தனை இடம், மொத நாள் யாரு. இந்த மூணு தெரிஞ்சாப் போதும், ஐயா. அப்புறம் அதுவா சுத்தும்." நிரல் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தக் காணொளியிலும் கேட்கவில்லை. எண்ணிக்கை, வரிசை, தொடக்கம், திரும்பத் திரும்பச் சுற்றும் விதி. கணினியின் உள்ளேயும் பல வேலைகள் ஒரே செயலிக்காகக் காத்திருக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் சிறிது நேரம் கொடுத்து முறைவைத்துச் சுற்றும் வழக்கம் உண்டு. எழுத்தறியாத முன்னோரும் அந்தக் கணக்கைத் தண்ணீரின்மேல் நடத்தியிருக்கிறார்கள்.

ஆகவே என் முதல் சொந்த நிரலுக்குப் பொருள் கிடைத்தது. மூன்று மடிக்கணினிகள், பன்னிரண்டு பிள்ளைகள். மூவர் மூவராக நான்கு குழுக்கள். ஒரு நாள் ஒரு குழு கணினியில் அமரும், மற்றக் குழுக்கள் அன்று அட்டைகளையும் தாளையும் வைத்துப் பயிலும். எந்த நாள் எந்தக் குழுவின் பாடு? நாளின் எண்ணை நான்கால் வகுத்து, மீதி எதுவோ அந்தக் குழு. கைடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்ட பைத்தான் மொழியிலேயே எழுதினேன். அதன் மூன்றாம் பதிப்பில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். 'நாள்', 'குழு', 'மீதி' என்றே பெயரிட்டேன். நிரல் ஓடியது. அட்டவணை அச்சாகி வந்தது. மகிழ்ச்சி மிகுதியால் அதை வாசித்துக்கூடப் பாராமல் கூடத்தின் கதவில் ஒட்டிவிட்டேன்.

மறுநாள் மாலை, கதவருகே ஒரு சிறுமி நின்று அதை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கேட்டாள்: "ஐயா, நாலாவது குழுவுக்கு நாளே வரலையே?"

அருகில் சென்று பார்த்தேன். நான்காம் நாள், எட்டாம் நாள், பன்னிரண்டாம் நாள் ஆகிய மூன்றுக்கும் எதிரே ஒன்றும் இல்லை. காரணம் பிறகுதான் விளங்கிற்று. நான்கை நான்கால் வகுத்தால் மீதி பூச்சியம். நான் குழுக்களுக்கு ஒன்று முதல் நான்கு வரை எண் கொடுத்திருந்தேன். பூச்சியம் என்று ஒரு குழு இல்லை, நான்கு என்று ஒரு மீதி வருவதும் இல்லை. பைத்தானும் வேறு பல மொழிகளும் பட்டியலை ஏன் பூச்சியத்திலிருந்து எண்ணுகின்றன என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. திருத்துவதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் என்னைக் கலங்கச் செய்தது வேறு. கணினி என்னிடம் பிழை என்று சொல்லவே இல்லை. நிரல் தடையின்றி ஓடி முடிந்தது. அந்த மூன்று மாலைகளிலும் கணினிகள் சும்மா கிடக்க, நான்காம் குழுப் பிள்ளைகள் கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள்.

"நீ எந்தக் குழு, அம்மா?" என்று கேட்டேன்.

"என் பேரு இல்ல, ஐயா. தம்பி பேருதான் இருக்கு."

அன்பானவர்களே, அந்தப் பதிலுக்குப் பிறகு நான் அட்டவணையை விட்டுவிட்டுப் பட்டியலைப் பார்த்தேன். பன்னிரண்டு பெயர்கள். பன்னிரண்டும் ஆண்பிள்ளைகள். யாரையும் ஒதுக்க வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. சென்ற ஆண்டு மாலையில் பந்து விளையாட வந்தவர்களின் பெயர்களை எழுதி வைத்திருந்த பழைய நோட்டிலிருந்து அப்படியே எடுத்து எழுதினேன், அவ்வளவுதான். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் புறப்பட்டு ஒரு நிமிடம் ஆகுமுன்னே வெடித்துச் சிதறியது. முந்தைய ஏரியன் 4-க்கு எழுதிய நிரலின் ஒரு பகுதியை மாற்றாமல் புதியதில் வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகம் தந்த எண், பழைய நிரல் ஒதுக்கியிருந்த இடத்தில் அடங்கவில்லை. பழைய பட்டியலைப் புதிய வேலைக்கு எடுத்து வந்த நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். என் பிழையில் ஒன்றும் வெடிக்கவில்லை. ஒரு சிறுமி சத்தமில்லாமல் வெளியே நின்றாள்.

பாடு முறையின் நேர்மையை மேலே புகழ்ந்தேன். உள்ளே இருப்பவர்களுக்கு அது நேர்மையானதுதான். ஆனால் அதன் பட்டியலிலும் மரபாக இடம் பெறுகிறவர்கள் பட்டினவர் சமூகத்து ஆண்கள். அதே ஏரியில் சேற்றில் அமர்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களுக்கும் இருளர் மக்களுக்கும் அந்தச் சுற்றில் முறை வருவதில்லை. விதி எவ்வளவு ஒழுங்காகச் சுற்றினாலும், பட்டியலில் இல்லாதவர் வீட்டுக்கு அது போய்ச் சேராது.

எண்ணாகமத்தில் ஜனங்களைத் தொகையிட்ட பகுதியை நீங்கள் வாசித்திருப்பீர்கள். இருபது வயதுக்கு மேற்பட்ட ஆண்களை எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையின்படி, சீட்டுப் போட்டு நிலத்தைப் பங்கிடும்படி கட்டளை வந்தது. அடுத்த அதிகாரத்திலேயே செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர் மோசேயின் முன்னே வந்து நிற்கிறார்கள். தங்கள் தகப்பனுக்குக் குமாரன் இல்லாததினால் அவர் பெயர் அற்றுப்போவது ஏன் என்பது அவர்கள் கேள்வி. அவர்கள் கேட்டது சரியென்று கர்த்தர் சொன்னார், விதி திருத்தப்பட்டது. பல முறை வாசித்த பகுதிதான். கதவருகே நின்ற சிறுமியைக் கண்டபின் அதை வேறு கண்களால் வாசித்தேன். பட்டியலை எழுதியவர்களுக்குத் தெரியாத பிழை, அதில் இல்லாதவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது பட்டியல் மாறியிருக்கிறது. மூன்று கணினிகளுக்கு ஆறு பேர். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் பக்கத்தில் அமர்ந்து வாசித்துச் சரிபார்ப்பார், பாதியில் மாறிக்கொள்வார்கள். அனுபவமுள்ள நிரலாளர்களும் இவ்வாறு இருவராக அமர்ந்து வேலை செய்வதுண்டு என்று இளைஞர் சொன்னார். அதே நான்கு குழுக்களில் இப்போது 24 இடங்கள். வீடு வீடாகச் சென்று கேட்டேன். இருளர் குடியிருப்புக்கும் சென்றேன், அங்கிருந்து இருவர் வருகிறார்கள். மொத்தம் 21 பெயர்கள். குழுக்களின் எண்கள் பூச்சியம் முதல் மூன்று வரை. சிறுமி மூன்றாம் எண் குழுவில் இருக்கிறாள்.

உங்கள் இல்லத்திலோ சபையிலோ இப்படியொரு வகுப்பைத் தொடங்க எண்ணுவீர்களானால், நான் தட்டுத் தடுமாறிக் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன். முதல் வாரம் கணினியைத் திறக்க அவசரப்படாதீர்கள். தேநீர் போடுவதையோ படகைக் கட்டுவதையோ படிப்படியாகத் தாளில் எழுதச் சொல்லி, எழுதியதை மட்டும் அப்படியே மற்றொருவர் செய்து காட்டட்டும். விடுபட்ட படி அங்கேயே தெரியும். நாள்தோறும் பத்து நிமிடம் எல்லா விரல்களாலும் தட்டச்சுப் பழகட்டும். கோப்பைப் பெயரிட்டுச் சேமிப்பதும், மறுநாள் அதைத் தேடி எடுப்பதும் தெரிந்திருக்கட்டும். மொழி ஒன்று போதும். ஆங்கிலம் அச்சுறுத்துமானால், முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் தமிழ் நிரல் மொழி இருக்கிறது. அதில் அச்சிட 'பதிப்பி', நிபந்தனைக்கு 'ஆனால்', 'இல்லை', முடிவுக்கு 'முடி'. முதல் நாளில் பிள்ளையின் முகம் மலர அது போதும். பைத்தானில் பிழை வந்தால் பதறாமல் பிழைச்செய்தியின் கடைசி வரியை முதலில் வாசிக்கக் கற்றுக்கொடுங்கள், என்ன வகைப் பிழை என்பது அங்கேதான் இருக்கும். செய்தி வராத பிழைகளும் உண்டு என்பதையும் சொல்லிவையுங்கள். அவற்றைக் காண, அச்சாகி வந்ததைப் பொறுமையாக வாசிக்க வேண்டும். கூடுமானால் வெளியே நிற்கிற ஒருவரையும் வாசிக்கச் சொல்ல வேண்டும்.

திருத்திய அட்டவணையை நேற்று மாலை கதவில் ஒட்டினேன். இம்முறை ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசித்தேன். பன்னிரண்டு நாளுக்கும் குழு இருக்கிறது. பட்டியலின் அடியில் மூன்று இடங்கள் இன்னும் காலியாக இருக்கின்றன. அவற்றை நானாக நிரப்பவில்லை. நான் அறியாத பெயர்கள் மூன்று இந்த ஊரில் நிச்சயம் இருக்கும். திங்கட்கிழமைக்கு முன் அவற்றைத் தேடிச் செல்ல வேண்டும்.

இந்த வாரம் நீங்களும் உங்கள் கையிலுள்ள ஒரு பட்டியலை எடுத்துப் பாருங்கள். பாடகர் குழுவின் பட்டியலாகவோ, உதவித்தொகைப் பட்டியலாகவோ, விருந்துக்கு அழைப்போர் பட்டியலாகவோ அது இருக்கலாம். எந்தப் பழைய நோட்டிலிருந்து அதை எழுதினீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.