ஓசூர் சாலையில் இரண்டு துணிகள்

பெங்களூரில் போக்குவரத்து நெரிசல் என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர் சில்க் போர்டு. அந்தச் சந்திப்பில் எரிச்சலோடு காத்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு, அது அங்கே இருக்கும் மத்திய பட்டு வாரிய அலுவலகத்தால் வந்த பெயர் என்ற நினைப்பு வரும்? அங்கிருந்து தெற்கே சுமார் 25 கி.மீ. போனால் அத்திபெலே. கர்நாடகம் முடியும் ஊர். இந்த 25 கிலோமீட்டருக்குள் இந்தியத் துணியின் பழைய கதையும் புதிய கதையும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன.

அவசரக்காரர்களுக்காக மேலே 2010இல் திறந்த உயர்மட்டச் சாலை. 2025 ஆகஸ்டிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. ஆனால் துணியின் கதை கீழே, பொம்மனஹள்ளியில் இருக்கிறது. காலை நேரத்தில் டிபன் பையைத் தோளில் மாட்டியபடி பெண்கள் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். 'கார்மென்ட்ஸ்' வேலைக்கு. ஒருத்தி காலர், இன்னொருத்தி கை, மூன்றாமவள் பட்டன். மணிக்கு இத்தனை பீஸ் என்று 'டார்கெட்'. ஒருவர் பின்தங்கினால் லைன் முழுக்கத் தேங்கும். வாழ்நாள் முழுக்கச் சட்டை தைத்தும் ஒரு முழுச் சட்டையைத் தானே தைத்து முடிக்காத தையல்காரிகள் இவர்கள்.

இதே சாலையை 2016 ஏப்ரலில் அவர்கள் மறித்தார்கள். பி.எஃப். பணத்தில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருந்தது. கார்மென்ட்ஸ் வேலையில் 58 வயது வரை யார் இருக்கிறார்கள்? சில வருடம் தைத்து, உடம்பு தளர்ந்ததும் விலகி, அந்தப் பணத்தில் கடன் அடைப்பதும் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவதும்தான் இவர்கள் போடும் கணக்கு. பெரிய தொழிற்சங்கம் எதுவும் அழைக்காமலே ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். தடியடியும் தீவைப்பும் நடந்தன. இரண்டே நாளில், ஏப்ரல் 19ஆம் தேதி, அரசு விதியைத் திரும்பப் பெற்றது.

துரித உணவு போலத்தான் துரித ஃபேஷனும். டிசைன் வரைந்த சில வாரங்களில் உடை கடைக்கு வர வேண்டும், சில தடவை உடுத்தியதும் சலித்துவிட வேண்டும். அந்த வேகத்துக்கான விலையை வாங்குபவர் கொடுப்பதில்லை. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் அவர்கள் வேலைக்கு வரவழைக்கப்பட்டவர்கள். நம் பக்கம், திருப்பூரின் சாயக் கழிவு நொய்யலைப் பாழாக்கியதால் 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு பருத்திச் சட்டைக்கான நீர் சுமார் 2,700 லிட்டர் என்கிறார்கள் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள்.

சந்தாபுரா தாண்டியதும் அத்திபெலே. சோதனைச் சாவடி, லாரி வரிசை, தொழிற்பேட்டை. டீக்கடையில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே பேச்சுக்குள் கலக்கின்றன. மேற்கே பிரியும் சாலை ஆனேக்கலுக்குப் போகிறது. பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். எல்லைக்கு அந்தப் பக்கம் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மல்பெரித் தோட்டங்கள். இலை, புழு, கூடு, நூல், தறி என்று எல்லாமே அரை நாள் பயணத்துக்குள் முடிந்த காலம் ஒன்று இருந்தது. இன்று அந்தத் தெருக்களில் விசைத்தறிச் சத்தமே ஓங்கிக் கேட்கிறது. கைத்தறியில் நாள்கணக்கில் நெய்வதை அது மிக வேகமாக முடித்துவிடும். நாடு முழுக்கவும் இதே கதைதான். 2009-10 கணக்கெடுப்பில் 43 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர்கள் 2019-20இல் 35 லட்சமாகக் குறைந்துவிட்டார்கள்.

அப்படியானால் கைத்தறிக்குத் திரும்புவதுதான் மாற்றா? அவ்வளவு எளிதல்ல. பட்டு என்றாலே பசுமை என்று சொல்லிவிட முடியாது. கூட்டை வேகவைக்கவும் பசை நீக்கவும் நீர் வேண்டும். சாயமும் பெரும்பாலும் ரசாயனம். இதற்கு வேறு வழி கண்டவர்கள் சிவமொக்கா மாவட்டம் ஹெக்கோடு பக்கத்தில் இருக்கிறார்கள். நாடக இயக்குநர் பிரசன்னா தொடங்கிய 'சரகா' என்ற பெண்கள் கூட்டுறவு அமைப்பு. அங்கே பாக்கு வேகவைத்த நீரே துணிக்குச் சிவப்பேற்றுகிறது. உள்ளூரில் வீணாகப் போவது சாயமாகிறது. நெய்பவர்களும் தைப்பவர்களும் உள்ளூர்ப் பெண்கள். ஆனால் நல்ல எண்ணம் மட்டும் சோறு போடாது. கையால் செய்த பொருளுக்கு வரியே கூடாது என்று கேட்டு பிரசன்னா 2017இல் உண்ணாவிரதம் இருந்தார். 2020இல் கொரோனாவும் சேர்ந்துகொள்ள, 'சரகா' தன் நெருக்கடியை ஊரறியச் சொல்ல வேண்டியிருந்தது.

எனவே துணியில் ஒட்டியிருக்கும் 'இயற்கைப் பருத்தி' என்ற சீட்டைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிடக் கூடாது. அதே பருத்தியை அதே டார்கெட்டில், அதே கூலிக்குத் தைக்க வைக்கவும் முடியும். சாயத்தை மட்டும் கணக்கில் எடுத்து, தைப்பவளின் பி.எஃப்.பை விட்டுவிடும் சுற்றுச்சூழல் அக்கறை பாதி அக்கறைதான். மாறாக, பொம்மனஹள்ளியில் தைத்த சட்டையே ஆனாலும், கூலி கூடி அதனால் விலை சற்று ஏறி, நாம் மூன்றுக்குப் பதில் ஒன்று வாங்கிப் பத்து வருடம் உடுத்தினால், நொய்யலுக்கும் நல்லது, தைத்தவளுக்கும் நல்லது.

நமக்கு இது புதிய பாடமும் அல்ல. அம்மாவின் கல்யாணச் சேலை மகளுக்குப் பாவாடையாகி, கிழிந்த பின் தலையணை உறையாகி, கடைசியில் ஜரிகையை எடைக்குப் போட்ட வீடுகள் நம்முடையவை. சிக்கனத்தால் செய்தோம், கொள்கை என்று பெயர் வைக்கவில்லை. ஆனேக்கலின் கைத்தறிகள் மிஞ்சுமா என்பது அடுத்த தீபாவளிக்கு நாம் எத்தனை துணி எடுக்கிறோம், ஒவ்வொன்றுக்கும் என்ன விலை கொடுக்கத் தயாராக இருக்கிறோம் என்பதையும் பொறுத்தது.