அத்தி பூத்தாப்புல

“வாய்யா, அத்தி பூத்தாப்புல வந்திருக்க” என்றார் பெரியம்மா. தாழ்வாரத்தில் அரிவாள்மணை போட்டு உட்கார்ந்து அத்திப்பிஞ்சு நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சட்டியில் மோர் கலந்த தண்ணீர். வெட்டிய பிஞ்சிலிருந்து பால் வடியும், காற்றுப் பட்டதும் வெட்டுவாய் கறுத்துவிடும். அதனால் வெட்ட வெட்ட ஒவ்வொன்றையும் அந்தத் தண்ணீரில் போட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றரை வருடம் கழித்து ஊருக்குப் போயிருந்த எனக்கு அந்த வரவேற்பு தகும்தான்.

அத்தி பூத்துப் பார்த்தவர் கிடையாது என்ற எண்ணத்தில் பிறந்த சொலவடை அது. அதை அவர் சொன்னபோது என் கண் சட்டியில் இருந்தது. அவர் பிளந்து போட்ட ஒவ்வொரு துண்டின் உட்புறத்திலும் இளஞ்சிவப்பாக, ஊசிமுனைபோல நெருக்கமாக நின்றவை அத்தியின் பூக்கள். ஒரு சட்டி நிறையப் பூவை நறுக்கி வைத்துக்கொண்டு, பூக்காத மரத்தின் பெயரால் என்னை வரவேற்றார் பெரியம்மா. அன்றிலிருந்து அத்தி என் மனத்தில் ஏறிக்கொண்டது.

எங்கள் ஊர் தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கிறது. வாய்க்கால் கரையில் நிற்கும் அத்திக்கு என்ன வயது என்று யாருக்கும் கணக்கில்லை. அத்தி ஈரம் தேடும் மரம். ஆற்றங்கரை, ஓடைக்கரை, ஊற்றுக்கண் இருக்கும் பள்ளம், இவைதான் அதன் இடம். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீரைக் கண்டறிவதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. நீரோட்டத்துக்கு அடையாளம் காட்டும் மரங்களில் ஒன்றாக அது அத்தியையும் சொல்கிறது. மற்ற மரங்கள் கிளை நுனியில் காய்க்க, இது அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். சிறு வயதில் எங்களுக்கு அது பெரிய வசதி, ஏற வேண்டியதில்லை, நின்ற இடத்திலிருந்தே பறிக்கலாம். பழுத்துவிட்டால் பகலில் அணிலும் மைனாவும் குயிலும், இரவில் வௌவாலும் வந்துவிடும். வாய்க்காலில் விழுந்த பழத்தை மீன் கொத்தும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பலரும் குழம்புகிற இடம் இது. சோழர்கள் சூடியது ஆத்தி. அது வேறு மரம், கண்ணுக்குத் தெரியப் பூக்கும். ஔவையார் பெயரால் வழங்கும் ஆத்திசூடியில் வருவதும் அந்த ஆத்திதான். அத்தியை யாரும் சூட முடியாது. பூவை வெளியே நீட்டுகிற பழக்கமே அதற்கு இல்லை.

கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மாவு இருக்கிறது, உள்ளே பூரணம் இருக்கிறது. அத்திக்காயில் மேல்மாவாக இருப்பது பூக்காம்பு தடித்து உருண்டு மூடிக்கொண்ட சதை. பூரணமாக இருப்பவை நூற்றுக்கணக்கான சிறு பூக்கள். நுனியில் செதில்கள் அடைத்த ஒரு நுண்துளை மட்டும் உண்டு. பூக்கள் பருவத்துக்கு வந்ததும் காய் ஒரு மணத்தை வெளியே விடும். அது நம் மூக்குக்கு எட்டாது. கொசுவைவிடச் சிறிய ஒரு குளவிக்கு எட்டும்.

அந்தக் குளவியின் கதையை முதலில் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. வருவது பெண் குளவி. தான் பிறந்த காயின் மகரந்தத்தை மார்பிலுள்ள சிறு பைகளில் நிரப்பிக்கொண்டு வருகிறது. நுண்துளை அவ்வளவு இறுக்கம். நுழையும்போதே சிறகு ஒடிந்துவிடும், உணர்கொம்பும் பெரும்பாலும் முறிந்துபோகும். திரும்பி வெளியே வரும் வழி அதற்கு இனி இல்லை. உள்ளே இருட்டில் பூவுக்குப் பூ நகர்ந்து மகரந்தத்தைத் தூவுகிறது. சூல்தண்டு குட்டையாக உள்ள பூக்களில் முட்டையிடுகிறது. தண்டு நீண்ட பூக்களின் சூலகம் அதற்கு எட்டாது. எட்டாத பூ விதையாகிறது, எட்டிய பூ குளவிக்குஞ்சுக்குத் தொட்டிலாகிறது. வேலை முடிந்ததும் தாய் அங்கேயே செத்துப்போகிறது.

சில வாரங்களில் ஆண் குளவிகள் முதலில் பொரிக்கும். அவற்றுக்குச் சிறகே கிடையாது. இன்னும் தொட்டிலுக்குள் இருக்கும் பெண் குளவிகளோடு இணைந்துவிட்டு, எல்லாம் கூடிக் காயின் சுவரைக் கடித்து ஒரு சுரங்கம் போடுகின்றன. அந்தச் சுரங்கத்தால் அவற்றுக்கு ஒரு பயனும் இல்லை. சிறகில்லாமல் எங்கே போவது? போட்ட வழியில் பெண் குளவிகள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வெளியேறுகின்றன. ஓரிரு நாள் ஆயுளுக்குள் மணம் விடுகிற வேறொரு மரத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். குளவி போனபிறகுதான் காய் சிவந்து இனிக்கத் தொடங்குகிறது.

ஆகவே அத்தி அபூர்வமாகப் பூக்கும் மரம் அன்று. வருடத்தில் பலமுறை, ஒவ்வொரு முறையும் லட்சக்கணக்கில் பூக்கிறது. நாம் அழைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஏமாற்றம் நமக்கு மட்டும் உரியதுமில்லை. வெகுநாள் கழித்துத் தலைகாட்டுகிறவரை வங்காளிகள் ‘டுமுர் பூ’ என்பார்கள். டுமுர் என்றால் அத்தி. இந்தியிலும் ‘கூலர் பூ’ என்றால் கிடைக்காத பொருள், கூலரும் அத்திதான். வடமொழியில் உதும்பரம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் உதும்பரப்பூ என்று பௌத்த நூல்கள் புத்தர் தோன்றும் அருமைக்கு அதை உவமை ஆக்கின. அந்தச் சொல் பௌத்தத்தோடு ஜப்பான் வரை போய் ‘உதொங்கே’ ஆயிற்று. அங்கே இலையிலும் சுவரிலும் மெல்லிய காம்புகளில் நிற்கும் கண்ணாடிச்சிறகுப் பூச்சியின் முட்டைகளைப் பார்த்து, உதொங்கே பூத்துவிட்டது என்று சொல்லும் வழக்கம் வந்தது. காணாத பூவை எப்படியாவது கண்டுவிட வேண்டும் என்று எத்தனை நாட்டு மனங்கள் தவித்திருக்கின்றன!

நம்மிடம் இன்னொரு பழமொழியும் உண்டு: அத்திப்பழத்தைப் பிட்டுப்பார்த்தால் அத்தனையும் புழு. வெளியே அழகு, உள்ளே அழுக்கு என்று மனிதர்களைப் பற்றிச் சொல்லப் பயன்படுவது. குளவியின் கதை தெரிந்தபிறகு இதை என்னால் சொல்ல முடிவதில்லை. அந்தப் ‘புழு’ இல்லாவிட்டால் அந்த மரத்தில் முளைக்கக்கூடிய ஒரு விதை கிடையாது. ஆனால் சமணர்கள் இதே காட்சியைப் பார்த்து வேறொரு முடிவுக்கு வந்தார்கள். மது, ஊன், தேன் ஆகியவற்றோடு ஆல், அரசு, அத்தி முதலான ஐந்து மரங்களின் பழங்களையும் இல்லறத்தார் விலக்க வேண்டும் என்று வைத்தார்கள். உள்ளே உயிர்கள் இருக்கின்றன என்பதே காரணம். பிட்டுப் பார்த்தவர்கள் பலர். பார்த்ததும் அருவருக்காமல் கை கூப்பி விலகியவர்கள் இவர்கள். எனக்கு அந்த விலகலின்மேல் பெரிய மரியாதை உண்டு.

பட்டணத்தில் அத்திப்பழம் என்று கேட்டால் கிடைப்பது சீமை அத்தி. தட்டையாக அமுக்கி, கயிற்றில் மாலையாகக் கோத்து, ஆப்கானிஸ்தானத்திலிருந்து வருகிறதே, அதுதான். புனேக்கு அருகே புரந்தர் வட்டாரத்தில் நன்றாக விளைகிறது, புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. இதற்கும் நம் நாட்டு அத்திக்கும் பேரினம் ஒன்று, சிற்றினம் வேறு. சீமை அத்தியில் குளவியே இல்லாமல் பழுக்கும் ரகங்கள் நிறைய உண்டு. யோர்தான் பள்ளத்தாக்கில், எரிகோவுக்கு அருகே கில்கால் என்ற இடத்தில், ஏறத்தாழ 11,400 ஆண்டுப் பழமையுள்ள கரிந்த அத்திப்பழங்கள் கிடைத்தன. அவை விதை முற்றாத ரகம், மனிதர் குச்சி ஒடித்து நட்டு வளர்த்திருக்க வேண்டும் என்று 2006இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. அது சரியென்றால் கோதுமையைப் பயிரிடுவதற்கும் முன்னால் மனிதன் அத்திக்குச்சி நட்டிருக்கிறான்.

துருக்கியின் ஸ்மிர்னா ரகம் மட்டும் குளவி இல்லாமல் பழம் தராது. 1880களில் அதன் கன்றுகளைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். மரம் செழித்தது, காய் பிடித்தது, பிடித்த காயெல்லாம் பழுக்காமல் உதிர்ந்தது. துருக்கியில் காட்டு அத்திக்காய்களைக் கோத்துத் தோப்பு மரங்களில் கட்டித் தொங்கவிடுவது வெகுகால வழக்கம். கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கத்தின் தியோஃப்ரேஸ்டஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். அதையெல்லாம் குடியானவர்களின் மூடநம்பிக்கை என்று கலிஃபோர்னியாவில் பலர் ஒதுக்கினார்கள். 1890இல் ஃபிரெஸ்னோவில் ரோடிங் குடும்பத்தாரின் தோட்டத்தில் கையாலேயே மகரந்தம் ஊட்டிப் பார்த்தபோது பழம் தங்கியது. கடைசியில் 1899இல் அல்ஜீரியாவிலிருந்து குளவியோடு காட்டு அத்திக்காய்களை வரவழைத்த பிறகுதான் தோப்புகள் பழுத்தன. அந்த ரகத்துக்குக் கலிஃபோர்னியாவையும் ஸ்மிர்னாவையும் சேர்த்து ‘கலிமிர்னா’ என்று பெயர் வைத்தார்கள். குளவியின் பெயரையும் அதில் எங்காவது ஓரெழுத்து சேர்த்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

எகிப்தில் கதை வேறு. அங்கே காட்டத்தி எனப்படுவது வேறு மரம், நம் அத்திக்கு நெருங்கிய உறவு, அதுவும் அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் கொத்தாகக் காய்ப்பது. ஆனால் அதற்குரிய குளவி எகிப்தில் இல்லை. ஆகவே ஒவ்வொரு காயிலும் கத்தியால் ஒரு கீறல் போடுவார்கள். காயம்பட்ட காய் சில நாளில் வீங்கிப் பழுக்கும். விவிலியத்தில் ஆமோஸ் தீர்க்கதரிசி தன்னை மந்தை மேய்ப்பவன், காட்டத்திப் பழத் தொழிலாளி என்றுதான் சொல்லிக்கொள்கிறார். குள்ளமான சகேயு இயேசுவைப் பார்க்க ஏறியதும் காட்டத்தி மரத்தில்தான். அந்த மரத்துப் பலகையில் எகிப்தியர்கள் சவப்பெட்டிகளும் செய்தார்கள்.

மரப்பலகை என்றதும் காஞ்சிபுரம் நினைவுக்கு வருகிறது. வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திமரத்தால் ஆன அத்தி வரதர் ஆனந்தசரஸ் குளத்துக்குள் நீரில் சயனித்திருக்கிறார். 40 ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளுவார். பெரியம்மா 1979இல் போனபோது வயது இருபத்திரண்டு, கல்யாணமான புதுசு. 2019இல் மறுபடி போனார். அந்த முறை ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம், 31 நாள் சயனக் கோலம், 17 நாள் நின்ற கோலம். நெரிசலில் ஏழு மணி நேரம் நின்றார். அடுத்தது 2059. “ரெண்டு தடவை பாத்துட்டேன், அது போதும்” என்றார்.

தச்சர்கள் அத்தியை நல்ல மரமாக எடுத்துக்கொள்வதில்லை. மென்மரம், வெளியே கிடந்தால் சீக்கிரம் உளுத்துப்போகும். ஆனால் தண்ணீருக்குள் தாக்குப்பிடிக்கும். கிணற்றின் அடியில் சட்டம் போட அத்திப்பலகையைப் பயன்படுத்தியதும் அதனால்தான். தண்ணீரைத் தேடி வேர்விடுகிற மரம், வெட்டியபிறகும் தண்ணீரில் இருந்தால்தான் நிலைக்கிறது.

அடுப்படிக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் நாட்டு அத்தியின் பழத்தைவிடப் பிஞ்சுக்குத்தான் மதிப்பு. துவர்ப்பு வயிற்றுக்கு நல்லது என்பது சித்த வைத்தியத்திலும் வீட்டு வைத்தியத்திலும் ஊறிய நம்பிக்கை. நகத்தால் கீறினால் பால் தெறிக்க வேண்டும், அந்தப் பருவம். பெரியம்மா மோர்த்தண்ணீரை வடித்துவிட்டு, துண்டுகளை உப்பும் மஞ்சளும் போட்டு ஒரு கொதி வேகவைத்தார். அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டார், பாதித் துவர்ப்பு அதோடு போய்விடும். மீதிப் பாதி இருக்க வேண்டும், அதற்காகத்தானே அத்திக்காய். அதற்குள் சிறுபருப்பு மலர வெந்திருந்தது. தேங்காய், சீரகம், பச்சை மிளகாயை அம்மியில் ஒன்றிரண்டாக அரைத்து எல்லாவற்றையும் சேர்த்துக் கொதிக்கவிட்டார். கடுகும் உளுத்தம்பருப்பும் கறிவேப்பிலையும் தேங்காய் எண்ணெயில் தாளித்துக் கொட்டினார். மிஞ்சிய பிஞ்சு உப்பு மோரில் ஊறப் போயிற்று. மூன்று நாள் வெயில் காட்டினால் வற்றல். பழையதுக்குப் பொரித்துத் தொட்டுக்கொண்டால் வேறு எதுவும் வேண்டாம்.

கூட்டில் முதலில் வருவது தேங்காயின் இனிப்பு. மென்று விழுங்கியபிறகு நாக்கின் ஓரத்தில் துவர்ப்பு மெல்ல எழும். அதன்மேல் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் தண்ணீர் தித்திக்கும்.

ஊரிலிருந்து கிளம்பும் நாள் விடியற்காலையில் வாய்க்கால் கரைக்குப் போனேன். பழுக்கும் தறுவாயில் இருந்த ஒரு காயில் குண்டூசித் துளை தெரிந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். துளையில் ஒரு கரும்புள்ளி வந்து நின்றது, சிறகை நீவிக்கொண்டது, பறந்தது. பின்னாலேயே இன்னொன்று. பத்து வரை எண்ணினேன், பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது. வாய்க்காலுக்கு அந்தப்பக்கம், கண்ணுக்கு எட்டிய வரை வேறு அத்தி மரம் இல்லை. எங்கோ இருக்கத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பிஞ்சைப் பிளந்து, இது பூ, இது பூ என்று காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வருசத்துக்கு எத்தனை தடவைங்கே?”

“நாலஞ்சு தடவையாவது இருக்கும் பெரியம்மா.”

வற்றல் பொட்டலத்தை என் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். “அப்ப சரி. இனிமே அத்தி பூத்தாப்புலயே வாய்யா.”