உரித்த வில்

சென்னையில் ஓவியம் பயின்ற நண்பர் ஒருவர் உகுலேலே செய்கிறார். நாலு நரம்பு, கிதாரின் தம்பி மாதிரி ஒரு சிறு வாத்தியம். மரத்தை அறுத்து, வளைத்து, ஒட்டி, மேலே வர்ணம் தீட்டுவது எல்லாம் அவரேதான். அவற்றைக் காட்சிக்கு வைக்கப்போவதாகவும், கையேட்டுக்கு நான் இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டார். நுண்கலைப் படைப்பாகவே அவற்றைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஒத்துக்கொண்டேன். இரண்டு மாதமாகியும் எழுத வரவில்லை. இதில் உகுலேலேயின் குற்றம் எதுவுமில்லை. மயிலாடியில் மாமா வீட்டுத் திண்ணையில் நான் செய்த ஒரு காரியம் குறுக்கே வந்து நிற்கிறது.

நண்பர் சொன்ன ஒரு தொழில் விஷயத்தில் இருந்துதான் தொடங்கியது. உகுலேலேயின் மேற்பலகை இரண்டு மில்லிமீட்டர் கனம் இருந்தால் அதிகம். அது அதிர்ந்தால்தான் ஒலி. வர்ணம் தடித்தால் பலகை ஊமையாகிவிடும். அதனால் முன்புறம் கஞ்சத்தனமாகவும் பின்புறம் தாராளமாகவும் தீட்டுகிறாராம். 1879இல் மதீராத் தீவிலிருந்து ஹவாயில் கப்பலிறங்கி, தங்கள் ஊர்ச் சிறு கிதாரை அங்கே கிடைத்த கோவா மரத்தில் செய்யத் தொடங்கிய மரவேலைக்காரர்களுக்கும் இது தெரிந்திருக்கும். சப்தம் குடியிருக்கும் இடத்தை விட்டு அலங்காரம் ஒதுங்கி நிற்கிறது. தஞ்சாவூர் வீணையின் யாளியும் தண்டியின் கோடியில் போய்த்தானே உட்கார்ந்திருக்கிறது.

இதைக் கேட்டதும் எனக்கு வில் ஞாபகம் வந்தது.

கலைவாணர் வழியாகவோ சுப்பு ஆறுமுகம் வழியாகவோ வில்லுப்பாட்டை அறிந்தவர்களுக்கு அது கதை சொல்லும் ஒரு மேடைக் கச்சேரி. நாஞ்சில் நாட்டில் அது கொடையின் உறுப்பு. சுடலைமாடன் கதையோ இசக்கி கதையோ பாடப்பட்டு, அது ஓர் இடத்துக்கு வந்து சேரும்போதுதான் சாமியாடிக்கு உடம்பு நடுங்கத் தொடங்கும். (ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் இதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். நான் இந்த ஊர்க்காரன். அதைப் படித்துத்தான் பாதி தெரிந்துகொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) வில்லின் முதுகு மண்குடத்தின் மேல் சாய்ந்திருக்கும். மேலே தோல் நாண். வில்லில் வரிசையாக மணிகள். அண்ணாவி வீசுகோலால் நாணை அடிக்க மணிகள் குலுங்கும். அதிர்வதெல்லாம் நாண், மணி, குடம். வில்லின் தண்டுக்கு ஒலியில் பெரிய பங்கில்லை. ஆகவே அதன் மேல் எத்தனை வர்ணமும் பூசலாம். பூசினார்கள்.

மாமா பகலில் கல்பட்டறையில் வேலை செய்தார். மயிலாடி உளிச் சத்தத்தில் விடிகிற ஊர். கல்லைத் தட்டிக் காதால் கேட்டு ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்று பிரித்த பிறகே உளி வைப்பார்கள். பக்கத்திலிருக்கும் சுசீந்திரத்தில், அலங்கார மண்டபத்து இசைத்தூண்களைச் செதுக்கியவர்களும் முதலில் கேட்டிருப்பார்கள், பிறகுதான் பார்த்திருப்பார்கள். வர்ணமில்லாத கருங்கல்லோடு வருஷம் முழுக்க மாரடித்த மாமா, மாசி மாதம் பிறந்ததும் வில்லைத் திண்ணையில் கிடத்தி, சின்ன டப்பாக்களில் இனாமல் பெயிண்ட் வாங்கி வைத்துக்கொண்டு சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பட்டை பட்டையாகச் சுற்றுவார். பழைய பூச்சின் மேலேயே புதுப் பூச்சு. பங்குனிக் கொடைக்கு வில் பளபளக்கும். அவர் குடம் அடிக்கிற ஆள். வில்லைப் பராமரிப்பதும் அவர் பொறுப்பு.

ஒன்பது வருஷத்துக்கு முன், ஆங்கில பி.ஏ.யையும் வங்கிக் குமாஸ்தா உத்தியோகத்தையும் வைத்துக்கொண்டு நான் விமர்சகனாகத் தொடங்கியிருந்த நேரம். அடால்ஃப் லூஸ் ஆபரணத்தைக் குற்றமென்று எழுதியதைப் படித்திருந்தேன். பிக்காஸோ 1912இல் அட்டையில் செய்த, வாசிக்க முடியாத கிதாரின் படத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். மாமாவின் வில்லைப் பார்த்தால் எனக்குக் கூசும். தேர்தல் சுவர்போல ஒரு கூச்சல். உள்ளே வைரம் பாய்ந்த பனை இருக்கிறது, அதன் ரேகைகள் இருக்கின்றன, இவர்கள் அதை மூடிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

மாமா கண் ஆபரேஷனுக்குப் போயிருந்த வாரம் அதை உரித்தேன். அவரை ஆச்சரியப்படுத்தப் போவதாக எண்ணம். பிளேடு, தின்னர், உப்புத்தாள். சிவப்புக்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே மஞ்சள், மறுபடி சிவப்பு. செதில் செதிலாக விழுந்தது. அடிப்பக்கம் போகப் போக இனாமல் தீர்ந்து காவி மாதிரி மங்கலான ஒரு பூச்சு வந்தது. அதன் மேல் வெள்ளைப் புள்ளிகள். விரல்நுனியைச் சுண்ணாம்பில் தொட்டு வைத்தது போல, ஒழுங்கான இடைவெளியில். என் கை நின்றது. எவ்வளவு நேரம் என்று இன்றைக்கு யோசித்தால், ஒரு பீடி பற்றவைக்கிற நேரம் இருக்கலாம். பிறகு தொடர்ந்தேன்.

நகைக்கடன் கவுண்டரில் எனக்குப் பக்கத்தில் மதிப்பீட்டாளர் உட்காருகிறார். உரைகல்லில் கடுகளவு உரசுவார்; அதற்கு மேல் உரசினால் அது அடுத்தவன் பொன்.

மாமா வந்தார். பச்சை மறைப்பைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். உள்ளங்கையால் வில்லைக் கோடிக்குக் கோடி தடவினார்.

‘எல்லாத்தையும் உரிச்சியா மக்கா?’

‘ஆமா மாமா. மரம் எவ்வளவு அழகா இருக்கு, பாருங்க.’

‘அடியில அப்பாக்க கை கெடந்துல்லா.’

வேறெதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் லூஸை இழுத்து ஏதாவது வாதாடியிருப்பேன். அன்று சாயங்காலம் அத்தை திண்ணையைப் பெருக்கினாள். முறத்தில் அள்ளிய செதில்களைக் கொட்டப் போனவளை மாமா தடுத்தார். கொஞ்ச நேரம் கிளறிவிட்டு, அவரே கொண்டுபோய்த் தென்னை மூட்டில் கொட்டினார்.

கொடைக்கு ஒன்பது நாள் இருந்தது. அவருக்குக் கண் சரியாகவில்லை. ‘நீயே பூசு’ என்றார். டப்பாக்கள் வாங்கி வந்து பூசினேன். கோடு நேராக வரவில்லை. மஞ்சள் வழிந்து பச்சையில் இறங்கியது. ‘நேரா வரண்டாம், கம்பைச் சுத்தி வந்தாப் போதும்’ என்றார். அடிப்பூச்சுக்குச் சுண்ணாம்புப் புள்ளி வைக்கட்டுமா என்று கேட்டேன். ‘அது நீ வைக்கதுக்கில்ல.’

கொடையன்று கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்தேன். நாண் அடிபட, வில் துடிக்க, என் கோணல் பட்டைகள் ஒன்றில் ஒன்று கலந்து நடுங்கின. அந்தத் தூரத்திலிருந்து வழிந்த மஞ்சள் தெரியவில்லை. பனையின் ரேகையும் தெரிந்திருக்காது. இருட்டு, தூரம், அசைவு ஆகிய மூன்றையும் கணக்கிட்டு, பெட்ரோமாக்ஸ் காலத்திலிருந்து யோசித்து வைத்த வர்ணம் அது. திண்ணையில் கிடத்தி, பகல் வெளிச்சத்தில், ஓர் அடி தூரத்தில் வைத்துப் பார்த்தவன் நான். நண்பரின் உகுலேலேக்கும் கூடத்து வெள்ளைச் சுவரில் இதே கதி நேரக்கூடும் என்பதுதான் கையேட்டில் நான் எழுதியிருக்க வேண்டியது. ஆனால் அதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்ற கேள்வியில் பேனா நின்றுவிடுகிறது.

போன வாரம் மயிலாடிக்குப் போனபோது உகுலேலேயின் புகைப்படத்தை போனில் மாமாவிடம் காட்டினேன். பின்புறம் முழுக்க நீலத்தில் மீன்கள். முகத்தருகே வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

‘இதுக்கு அடியில என்ன பூசியிருக்கு?’

‘ஒண்ணும் இல்ல மாமா. மரம்தான்.’

‘அப்போ புதுசு’ என்று போனைத் திருப்பித் தந்தார்.